கல்லைக் கையில் கொடுத்தவர் யார்?

எமது ஊர்களில் இளம் வயதில் ஒருவர் நோயில் விழுந்தால் இரண்டு பேச்சுக்கள் எழும். முதலாவது, "அல்லாஹ்ட நாட்டம், நாம என்ன செய்ற?" என்பது. இரண்டாவது, சற்றுத் தள்ளி நின்று தாழ்ந்த குரலில் சொல்லப்படுவது: "கண்டதையும் திண்டு திரிஞ்சவன்தானே." முதற் பேச்சு எவரையும் பொறுப்பாளியாக்குவதில்லை. இரண்டாவது பேச்சு நோயாளியை மட்டுமே பொறுப்பாளியாக்குகின்றது. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரண்டையும் ஒரே நாளில் ஒரே வாயால் சொல்லிவிட்டு வீடு திரும்ப எம்மால் முடிகின்றது. காரணம், இரண்டிலும் சொல்பவர் தப்பிவிடுகின்றார்.

கொட்டியாரக் குடாவை அண்டிய கிராமமொன்றில் இருபது வருடங்களுக்கு மேலாக ஆசிரியனாக இருந்து வருகின்றேன். ஆரம்ப நாட்களில் என்னிடம் தரம் 6 இல் படித்த பிள்ளைகள் இன்று முப்பதைத் தாண்டிய குடும்பஸ்தர்கள். அவர்களுள் சிலரை இப்போது கிளினிக் கொப்பியோடு வைத்தியசாலை வாங்கில் காண்கின்றேன். ஒருவர் 31 வயதில் மாரடைப்பு வந்து உயிர் தப்பியவர். இன்னொருவருக்குச் சீனி வருத்தத்தால் கால் விரல் ஒன்று அகற்றப்பட்டிருக்கின்றது. அந்த வாங்கு முன்னர் வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும் உரியதாக இருந்தது. இன்று மகன்மாரும் அதில் இடம்பிடித்துவிட்டனர். இவர்களது நோய் யாருடைய பிழை என்பதே என் கேள்வி. இது வைத்தியர்களின் கேள்வியன்று. ஒழுக்கம் பற்றிய கேள்வி.

முதலில் நிலைமையின் அளவைப் பார்ப்போம். 2005-2006 காலப்பகுதியில் நாட்டில் செய்யப்பட்ட பெரும் ஆய்வொன்று, வளர்ந்தோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. யுத்தம் காரணமாக அந்த ஆய்வு வடக்குக்கும் கிழக்குக்கும் வரவில்லை; நாம் எண்ணப்படவே இல்லை. 2018-2019 இல் நடந்த மற்றொரு தேசிய ஆய்வு அதனை 23 சதவீதமாகக் கணித்தது. அளவிட்ட முறைகள் வேறாக இருக்கலாம். ஆயினும் நான்கு பேரில் ஒருவரை நெருங்கும் கணக்கு இது. இந்நாட்டின் மரணங்களில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை இருதய நோய், பாரிசவாதம், புற்றுநோய், நீரிழிவு முதலான தொற்றா நோய்களால் நிகழ்கின்றன. இந்நோய்களைத் தேடிக் கண்டுபிடிக்க 2011 முதல் அரசு ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களைத் திறந்தது. தொடக்கத்தில் அவை 40 வயதைத் தாண்டியோரை அழைத்தன. பின்னர் 35 ஆக்கப்பட்டது. நோயைத் தரும் பழக்கமோ பத்து வயதில் தொடங்கிவிடுகின்றது.

நோயாளியையே குற்றஞ்சாட்டும் இரண்டாவது பேச்சுக்கு மிகப் பழைய நியாயம் ஒன்று உண்டு. கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில் தம் ஒழுக்கவியல் நூலில் இதனை ஆராய்கின்றார். பிறவிக் குருடரை எவரும் பழிப்பதில்லை. குடியால் கண்ணிழந்தவரைப் பழிப்பார்கள். வைத்தியர் சொல் கேளாமல் தாறுமாறாக வாழ்ந்து நோயுற்றவன் இப்போது விரும்பினாலும் சுகமடைய முடியாது; ஆனால் நோயுறாமலிருப்பது ஒரு காலத்தில் அவன் வசம் இருந்தது. எறிந்த கல்லைத் திருப்பி எடுக்க முடியாதுதான். எறிவதும் எறியாமல் விடுவதும் எறிந்தவனிடமே இருந்தன. இதுவே அவரது வாதம்.

வாதம் பலமானதுதான். ஆனால் அது வளர்ந்த மனிதனை மனதிற்கொண்டு சொல்லப்பட்டது. அதே நூலில், சிறு வயதிலிருந்து எப்படிப் பழக்கப்படுகின்றோம் என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கின்றது என்ற கருத்தையும் அவர் வைக்கின்றார். எனவே நாம் இன்னொரு கேள்வியைச் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கின்றது. கல்லை எறிந்தவன் அவன், சரி. அந்தக் கல்லை அவன் கையில் கொடுத்தவர் யார்?

எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒன்றின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். இரவு பிந்தித் தூங்கியதால் காலையில் பசி இல்லை. மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்ரீயோடு புறப்படுகின்றான். வீடு பாடசாலையிலிருந்து அரைக் கிலோமீற்றர். வாப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுகின்றார். இடைவேளையில் பணிஸ், ரோல்ஸ், பக்கற்றில் அடைத்த மிக்சர், நிறமூட்டிய பானம். பிற்பகல் ரியூசன். மஃரிபுக்குப் பின் மீண்டும் ரியூசன். வரும் வழியில் கொத்துரொட்டி, சோடா. படுக்கையில் கைத்தொலைபேசி. இந்த நாளில் அவன் தானாகத் தெரிவு செய்தது எது? ரோல்ஸா, பணிஸா என்பதை மட்டுந்தான். மற்ற எல்லாவற்றையும் நாம் தெரிவு செய்து வைத்திருக்கின்றோம்.

இந்தத் தட்டு ஒரே நாளில் விரிக்கப்பட்டதன்று. 1942 இல் பர்மா யப்பானியர் வசமானபோது அரிசி வரத்து நின்று, கோதுமை மா எமது அடுப்புகளுக்குப் பரவலாக வந்தது. பின்னர் மானிய விலையில் பாண் வந்தது. 1980 அளவில் எமது துறைமுகத்திலேயே, சீனக்குடாவில், பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. கடல் கடந்து கப்பலில் வரும் கோதுமை எங்கள் குடாவில் இறங்கி மாவாகி நாடெங்கும் போகின்றது. குரக்கன் இடித்த உரல் மூலைக்குப் போனதில் ஆலையின் குற்றம் எதுவுமில்லை. பசித்தவனுக்கு மலிவாகவும் விரைவாகவும் கிடைத்ததை அவன் உண்டான். அவனுடைய பேரன் பசி இல்லாமலே அதனை உண்கின்றான் என்பதுதான் வேறுபாடு.

நடையும் அப்படியே. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை பாதையில் ஏறித்தான் மறுகரைக்குப் போனோம். இறங்கினால் நடை. மூதூர் மக்கள் லோஞ்சில் போய்வந்தார்கள். பாலங்கள் எமக்குப் பெரும் அருள். பிரசவ வேதனையோடு பாதைக்காகக் காத்திருந்த தாய்மாரைக் கேட்டால் அதன் பெறுமதி விளங்கும். ஆனால் பாலத்தோடு மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் வீட்டு வாசல் வரை வந்தன. கால்கள் ஓய்வு பெற்றன. 2022 இல் பெற்றோல் இல்லாமற் போனபோது துருப்பிடித்த சைக்கிள்கள் வெளியே வந்ததை எல்லோரும் கண்டோம். ஆசிரியர்களும் வங்கி உத்தியோகத்தர்களும் சைக்கிளில் வந்தனர். எரிபொருள் வந்த மறுமாதமே சைக்கிள்கள் மீண்டும் சுவரில் சாய்ந்தன. எமது மனவுறுதி கூடியதால் சைக்கிள் வெளியே வரவுமில்லை. குறைந்ததால் உள்ளே போகவுமில்லை. சூழ்நிலை மாறியது, பழக்கம் மாறியது. வளர்ந்தவர்களுக்கே இப்படியென்றால் பத்து வயதுப் பிள்ளையிடம் என்ன மனவுறுதியை எதிர்பார்க்கின்றோம்?

தட்டுக்கு முன்னரும் ஒரு கதை உண்டு. இந்தியாவின் புனே நகரத்து வைத்தியர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 1993 முதல் அங்குள்ள கிராமங்களில் கர்ப்பிணித் தாய்மாரையும் பிள்ளைகளையும் தொடர்ந்து ஆராய்ந்தார். அங்கு பிறந்த குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோகிராம், இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5. நிறை குறைந்த குழந்தையிடம் கொழுப்பும் குறைவாக இருக்க வேண்டுமல்லவா? அப்படி இருக்கவில்லை. தசையும் உறுப்புக்களும் சிறுத்திருக்க, தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் பெருமளவு குறையாமல் இருந்தது. உண்ணும் சீனியை வாங்கிச் செலவிடும் பெரிய களஞ்சியம் தசை. களஞ்சியம் சிறிதாகப் பிறந்த பிள்ளை பிற்காலத்தில் மிதமிஞ்சிய உணவைச் சந்திக்கும்போது நீரிழிவு அதனை விரைவில் பிடிக்கின்றது. தாயின் வயிற்றில் பட்ட குறை பிள்ளையின் நடுவயதில் நோயாக வெளிப்படலாம் என்பதைப் பல நாட்டு ஆய்வுகளும் காட்டியுள்ளன.

இதனை வாசித்தபோது 2004 டிசெம்பர் 26 ஐயும் 2006 ஓகஸ்டையும் நினைத்தேன். சுனாமி கிண்ணியா வைத்தியசாலையையே கொண்டுபோனது. அடுத்து, மூதூர் மக்கள் உடுத்த உடையோடு கந்தளாய்க்கு நடந்தார்கள். அகதி முகாம்களில் பருப்பும் மாவும் உண்டு பிள்ளை சுமந்த தாய்மார் எத்தனை பேர்! அப்பிள்ளைகள் இன்று இருபது வயதை அண்மியவர்கள். நாளை அவர்களில் ஒருவருக்கு நோய் வந்தால் "கண்டதையும் திண்டவன்" என்று சொல்ல எமக்கு நாக்கு எழலாமா?

பருவமடையும் வரை பிள்ளையின் குற்றத்தை எழுதும் பேனா உயர்த்தப்பட்டிருக்கின்றது என்பது நாம் யாவரும் அறிந்த மார்க்கச் சட்டம். இறைவன் அவ்வளவு கருணையுடையவன். உடலுக்கு அந்தச் சலுகை கிடையாது. 1953 இல் அமெரிக்க வைத்தியர்கள் கொரிய யுத்தத்தில் இறந்த 300 படைவீரர்களின் இருதயங்களைத் திறந்து பார்த்தனர். சராசரி வயது 22. அவர்களுள் 77 சதவீதத்தினரின் இருதயக் குழாய்களில் நோயின் அடையாளம் ஏற்கெனவே தென்பட்டது. ஓடியாடித் திரிந்த வாலிபர்கள். எந்த வலியும் சொல்லாதவர்கள். பின்னர் பிள்ளைகளிடமே நடந்த ஆய்வுகள், குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிதல் சிறு வயதிலேயே தொடங்குவதை உறுதி செய்தன. ஆக, மறுமையின் ஏட்டில் எழுதப்படாத காலத்தில் உடலின் ஏட்டில் எழுதப்படுகின்றது. அந்தக் காலத்துப் பதிவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பேனா உயர்த்தப்பட்ட பிள்ளையாக இருக்க முடியாது. அவனை வைத்திருந்தவர்களே பதில் சொல்ல வேண்டும்.

இமாம் கஸ்ஸாலி இஹ்யா உலூமித்தீனில் பிள்ளையைப் பெற்றோர் கையிலுள்ள அமானிதம் என்கின்றார். அவனிடம் முதலில் தலைதூக்கும் குணம் உணவின் மீதான பேராசை என்றும், அவசரப்படாமல் மென்று உண்ணவும், சில வேளைகளில் கறியில்லாத வெறும் ரொட்டியோடு அமைதியடையவும் பழக்க வேண்டும் என்றும் விரித்துச் செல்கின்றார். பகலின் ஒரு பகுதியில் நடையும் உடலசைவும் இருக்க வேண்டும். பாடம் முடிந்ததும் விளையாட விட வேண்டும். விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிப்பித்தால் பிள்ளையின் உள்ளம் மரத்துவிடும். 1111 இல் மறைந்தவர் சொன்னவை இவை. எமது ரியூசன் வகுப்புகளின் நேரசூசியைப் பார்த்துவிட்டுச் சொன்னது போல இருக்கின்றது. திருவள்ளுவரும் மருந்து என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதில் ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை, பெரும்பகுதி உண்ணும் அளவைப் பற்றியது. மருந்து தட்டில் தொடங்குகின்றது என்பதை இரு மரபுகளும் அறிந்திருந்தன.

இனி, முதலாவது பேச்சுக்கு வருவோம். எல்லாம் இறை நாட்டம் என்பது எமது ஈமான். அதில் விவாதம் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை எப்போது எடுக்கின்றோம், எப்போது எடுப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவியது. மரணங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன, பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வாண்டில் நாடு முழுவதும் ஒரு இலட்சத்து எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டனர். அந்த நாட்களில் "அல்லாஹ்ட நாட்டம்" என்று கையைக் கட்டிக்கொண்டு எவரும் இருக்கவில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வாலிபர்கள் வளவு வளவாகச் சிரட்டையும் டயரும் பொறுக்கினார்கள். நாட்டத்தை நம்பியவர்களே நுளம்போடு போராடினார்கள். அதுவே சரியான நம்பிக்கை. ஒரு வாரத்தில் கொல்லும் நோய்க்குச் சிரட்டை பொறுக்கிய நாம், இருபது வருடத்தில் கொல்லும் நோய்க்கு மட்டும் விதியைக் காட்டுகின்றோம். இரண்டு நோய்க்கும் இறைவன் ஒருவனே. வேறுபடுவது எமது அவசரந்தான்.

இக்கருத்துக்களைத் தரம் 11 வகுப்பில் ஒருநாள் பேசினேன். பின்வாங்கில் இருந்த ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "சேர், எங்கட பிழ இல்லயெண்டா, நாங்க ஏன் சோடாவ உடணும்?"

நல்ல கேள்வி. பிழை வேறு, கடமை வேறு என்பதை அவனுக்கு வாரிசுரிமைச் சட்டத்தைக் கொண்டு விளக்கினேன். ஒருவர் மரணித்தால் அவரது சொத்தைப் பங்கிடுவதற்கு முன்னர் அவரது கடனை அடைக்க வேண்டும். மகன் அந்தக் கடனை வாங்கவில்லை. ஒரு சதமும் செலவழிக்கவில்லை. ஆனாலும் வயல் அவன் கைக்கு வரும்போது கடனும் அந்த வயலோடு நிற்கின்றது. "வாப்பா வாங்கின கடன், எனக்கென்ன" என்று வயலை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. உடலும் அப்படி ஒரு சொத்து. அதில் நீ வாங்காத கடன் இருக்கலாம். பேனா உன் தோளில் இறங்கிய நாளிலிருந்து பொறுப்பு உன்னுடையது. அவன் அமர்ந்துகொண்டான். ஒத்துக்கொண்டானா தெரியாது, யோசித்தான்.

இந்தக் கடன் அடைக்கக் கூடியது என்பதும் நிரூபிக்கப்பட்ட விடயம். நீரிழிவின் வாசலில் நிற்பவர்கள் நிறையில் 7 சதவீதத்தைக் குறைத்து வாரத்துக்கு 150 நிமிடம் நடந்தால், சுமார் மூன்று வருட காலத்தில் நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைகின்றது என அமெரிக்காவில் 2002 இல் வெளியான ஆய்வு காட்டியது. மாத்திரை அந்தளவு பயன் தரவில்லை. ஐவேளையும் பள்ளிக்கு நடந்து போய் வருபவருக்கு இந்த 150 நிமிடம் பெரிய கணக்கன்று. ஆனால் நாம் பள்ளிக்கும் மோட்டார் சைக்கிளில் போகின்றோம்.

வாலிபன் தன் கடனை அடைக்கட்டும். பெரியவர்கள் புதிய கடன் ஏற்றாமல் இருக்க வேண்டுமல்லவா? பின்லாந்தின் வட கரேலியா, காடும் ஏரிகளும் கொண்ட ஏழை மாகாணம். 1970 அளவில் அங்கு நடுவயது ஆண்கள் மாரடைப்பால் சாய்ந்துகொண்டிருந்தனர். மாகாண மக்களே அரசுக்கு மனு எழுதினர். 1972 இல் வேலைத்திட்டம் தொடங்கியது. நோயாளியைத் தனியே அழைத்துப் புத்தி சொல்வதோடு அவர்கள் நிற்கவில்லை. வீட்டுப் பெண்களின் சங்கங்கள் சமையலை மாற்றின, கடைக்காரரும் பால், இறைச்சி உற்பத்தியாளரும் பொருளை மாற்றினர், புகைத்தல் குறைந்தது. நான்கு தசாப்தங்களில் உழைக்கும் வயது ஆண்களின் இருதய நோய் மரணம் எண்பது சதவீதத்துக்கு மேல் வீழ்ந்தது. ஊர் மாறியது, உடல்கள் மாறின.

எமது நாட்டிலும் சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2006 ஆம் ஆண்டின் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரட் விற்பதைத் தடுக்கின்றது. 2016 இல் புகையற்ற புகையிலை விற்பனை தடைசெய்யப்பட்டது. ஆயினும் பாபுல் சிவந்த வாய்களை இன்றும் காண்கின்றோம். பாக்கு தனித்தே புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்பதும், இந்நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய் என்பதும் அந்த வாய்களுக்கு எட்டவில்லை. 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற வட்டம் உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பு. 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் அது பதினொரு தேக்கரண்டிக்கு மேல். ஒரு நாளைக்கு ஆறு தேக்கரண்டிக்குள் நிற்பதே நல்லது என்கின்றது உலக சுகாதார நிறுவனம். வட்டத்தின் கருத்தை வகுப்பில் கேட்டபோது, "மூடிர கலருக்குப் போட்டிருக்காங்க சேர்" என்று ஒரு பிள்ளை சொன்னது. 2017 நவம்பரில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் என வரி அறிவிக்கப்பட்டது, பின்னர் குறைக்கப்பட்டது. சட்டம் கொழும்பிலிருந்து வரலாம். தட்டு எமது வீட்டில் இருக்கின்றது.

வலீமா வீடுகளில் சஹனைச் சுற்றி அமரும் பிள்ளைகளைப் பாருங்கள். புரியாணி, பொரித்த கோழி, அதன்மேல் வட்டிலப்பம், அதன்மேல் சோடா. வயிற்றை மூன்றாகப் பங்கிட்டு ஒன்றை மூச்சுக்கு விடச் சொன்ன நபிமொழியைக் குத்பாவில் கேட்டுவிட்டுத்தான் அங்கு வருகின்றோம். ஒரு பிள்ளை போதும் என்று எழுந்தால், "இன்னும் கொஞ்சம் தின்னு மகன்" என்று கையைப் பிடித்து இருத்துகின்றோம். அன்பு அதுதான் என்று எண்ணுகின்றோம்.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். தரம் 5 வரை ஓடித் திரிந்த பிள்ளை வயதுக்கு வந்ததும் ஓட்டம் நிற்கின்றது. நடப்பதற்கு வீதி இல்லை, விளையாட மைதானம் இல்லை. பின்னர் கர்ப்ப காலத்தில் கிளினிக்கில் சீனி கூடியிருப்பதாகச் சொன்னால், அவள் சோம்பேறி என்கின்றோம். வெட்கத்தையும் ஒழுக்கத்தையும் காப்பது எமது கடமை. மதிலுக்குள் அவர்கள் நடக்கவும் பந்தடிக்கவும் ஓர் இடம் ஒதுக்குவதால் அவ்விரண்டுக்கும் என்ன குறைவு வரும்? பின்னேரத்தில் பூட்டிக் கிடக்கும் பாடசாலை மைதானத்தை, ஓர் ஆசிரியையின் பொறுப்பில், ஒரு மணித்தியாலம் திறந்து விடலாம்.

இறுதியாக ஒரு சிறிய காரியத்தைச் சொல்கின்றேன். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை கேள்விப்பத்திரம் கோரிக் கொடுக்கப்படுகின்றது. அதிக வாடகை தருபவருக்கே பெரும்பாலும் அது போகின்றது. அதிக வாடகை கொடுத்தவர் அதனை ஈடுசெய்ய விரைவில் விற்பதையே விற்பார். விரைவில் விற்பவை பொரித்தவையும் இனித்தவையும். அவித்த கடலையும் இலைக்கஞ்சியும் அந்த வாடகையைத் தாங்கமாட்டா. எனவே பிள்ளைகள் எதை உண்பார்கள் என்பது இடைவேளை மணி அடிப்பதற்கு எவ்வளவோ முன்னர், கேள்விப்பத்திரம் திறக்கப்படும் கூட்டத்திலேயே முடிவாகிவிடுகின்றது. அக்கூட்டங்களில் பெற்றோரின் கதிரைகள் அநேகமாக வெறுமையாக இருக்கின்றன. இந்த வருடம் வாப்பாமாரும் உம்மாமாரும் வந்து அமரட்டும். வாடகை எவ்வளவு என்று கேட்கும் முன்னர், என்ன விற்பீர்கள் என்று கேட்கட்டும். வாடகை சில ஆயிரம் குறைந்தால் அதனை ஊர் சேர்ந்து ஈடுசெய்யட்டும். பிள்ளையின் கையில் எதைக் கொடுக்கின்றோம் என்பதை நாம் தீர்மானிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.